பின்சக்கரத்துக்கும் முந்தானைக்கும் நடுவே

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். இலஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். என் மனைவி இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி உள்ளே நடந்தாள். அப்போதுதான் பார்த்தேன். எலுமிச்சை நிறப் பட்டுச்சேலையின் முந்தானையில், கீழ் நுனியிலிருந்து இடது தோள் வரைக்கும் செம்மண் சேறு ஏறியிருந்தது. கன்னாபின்னாவென்று தெறித்திருந்தால் கூடப் பரவாயில்லை. ஓவர்சியர் அளந்து கயிறு கட்டிப் போட்டது போல நேராக ஒரு கோடு. கொண்டையில் வைத்திருந்த பிச்சிப்பூவிலும் ஒரு பொட்டு.

கூப்பிட்டிருக்கலாம். ஆனால் முப்பத்துநாலு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் கெட்ட செய்தியை நேரடியாகச் சொல்லிப் பழகியிருக்க மாட்டான். யார் மூலம், எப்போது, எந்தச் சொற்களில் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் மண்டபத்துக்குள் போய்விட்டாள். உள்ளே அவளுடைய பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் மொத்தப் பேரும் முதல் வரிசையில் இருந்தார்கள். தென்காசியில் பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் அவள். அந்தக் கூட்டத்தில் வாய் நீளமான ஒரு சயின்ஸ் டீச்சரின் குரல் வாசல் வரை கேட்டது.

"ஏட்டி, முந்தானையில என்னட்டி, நாலு வழிச் சாலையா போட்டிருக்கு?"

சாப்பாட்டுப் பந்தியில் என் மனைவி சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் வந்தாள். நான் ஆட்டோவுக்குப் பின்னால், ஏதோ பந்தோபஸ்துக்குப் போகிறவன் மாதிரி வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேலையை வாளியில் நனைத்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னாள்.

"இனிமே ஒங்க வண்டியில நான் ஏற மாட்டேன். ஆவணியில புனலூர்ல கல்யாணம் இருக்குல்லா? அதுக்கு எங்க டீச்சர்மாரோட ரயில்ல போயிக்கிடுதேன். நீங்க ஒங்க குதிரையில வாங்க."

இதன் முழு அர்த்தம் மற்றவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு என் வயதுக்காரர்கள் மனை வாங்குவார்கள், காசிக்குப் போவார்கள், பேரனுக்கு ஹிந்தி டியூஷன் ஏற்பாடு செய்வார்கள். நான் ஒரு அட்வென்ச்சர் பைக் வாங்கினேன். ஆற்றிலும் பாறையிலும் போவதற்கென்று செய்த உயரமான வண்டி. ஏறுவதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஏன் இந்த வயதில் இது என்று கேட்டவர்களுக்கெல்லாம், சக்கரம் பெரியது, நம்ம ஊர்ப் பள்ளங்களில் இடுப்பு வலிக்காது என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் பின் இருக்கை.

வேலை பார்த்த காலத்தில் அவள் எட்டரைக்கு ஒரு பக்கம் போவாள், நான் ஒன்பதரைக்கு மறு பக்கம் போவேன். சாரல் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மட்டும் ஸ்கூட்டரில் சேர்ந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். அந்த அரை மணி நேரத்தில் அவள் பேசுவதுபோல் வேறெங்கும் பேச மாட்டாள். ஊர்க்கதை, பள்ளிக்கூடத்து அரசியல், என் அண்ணன் குடும்பத்தைப் பற்றிய பாரபட்சமற்ற ஆய்வு எல்லாம் என் வலது காதுக்குப் பின்னால் வரும். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது கேஸ், தயிர், கரண்ட் பில். அது நிர்வாகம். வண்டியில் பேசுவதுதான் பேச்சு. ஓய்வுக்குப் பிறகு அந்த அரை மணியை நாலு மணியாக நீட்டலாம் என்றுதான் பெரிய வண்டி வாங்கினேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துப் புனலூருக்குப் போவது எங்கள் முதல் நீண்ட பயணமாக இருக்க வேண்டும். அவள் ரயிலில் போய்விட்டால், என்னிடம் மிஞ்சுவது கொத்தமல்லி வாங்கப் போவதற்கு ஒரு யானை.

ஆடி பிறந்தது. ஆடியில் விசேஷம் கிடையாது, ஆகவே பட்டுச்சேலைக்கும் வேலை கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்குள் சேறு அடிக்காத ஒரு பின் மட்கார்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒரு முழு மாதம் அவகாசம். எனக்கு அது போதும். நான் வேலை பார்த்தது ஒரு அரசுத் துறையின் கொள்முதல் பிரிவில். நாற்காலி முதல் நீர் மோட்டார் வரை எதை எப்படி வாங்கக் கூடாது என்பதில் திருநெல்வேலிச் சீமையில் எனக்கு நிகர் கிடையாது.

ஒரு அட்டைக் கோப்பும் நூல் டேக்கும் வாங்கி வந்து முதல் தாளில் எழுதினேன்: "பொருள்: இருசக்கர வாகனம் – பின்சக்கர மட்கார்டு தெரிவு செய்தல் – தொடர்பாக."

காபி கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"மட்கார்டு வாங்குததுக்கு முன்னாடி அதுக்குச் சட்ட வாங்கியாச்சு போல."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இருக்கும், இருக்கும். சேலைய நான் மூணு தண்ணியில அலசியாச்சு. அதுக்கு ஒரு முறையும் இல்ல."

சிக்கல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டியில் பின்சக்கரம் பாறையில் ஏறும்போது ஒரு முழம் வரை மேலே எழும்பும். அதனால் சக்கரத்துக்கும் வண்டியின் வாலுக்கும் நடுவே, பூனை குட்டி போட்டுக் குடும்பம் நடத்தும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் சேறு மேலே வருகிறது. சேலை நுனி சக்கரத்தில் சிக்காமல் இருக்க இடது பக்கம் ஒரு கம்பித் தடுப்பு வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது வண்டியோடு வந்தது. சட்டம் சேலையின் கரையைக் காப்பாற்றிவிட்டது. முந்தானையைப் பற்றிச் சட்டசபையில் யாரும் கேள்வி எழுப்பவில்லை.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, வண்டியின் வாலோடு சேர்த்துத் திருகும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு. நம்பர் பிளேட்டுக்குக் கீழே தொங்கும். இன்னொன்றுக்குப் பெயர் ஹக்கர். டயரை ஒட்டியே கிடக்கும் குட்டி மட்கார்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கும்.

"ரெண்டுக்கும் கொட்டேஷன் எழுதிக் குடுங்க" என்றேன்.

"எழுதியா? மட்கார்டுக்கா?"

"ஆமா. இதே மாதிரி மூணு கடையில வாங்கணும்."

"தென்காசியில இந்த வண்டிக்குச் சாமான் வச்சிருக்கது நான் ஒருத்தன்தான், அண்ணாச்சி."

"மூணு வேணுமே."

அவர் கொஞ்ச நேரம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இதுக்கு ஏன் அலையுதிய? மச்சினன் பேருல ஒண்ணு, தம்பி பேருல ஒண்ணு, நானே எழுதித் தாரேன். பேனா மாத்தி எழுதணுமா?"

முப்பத்துநாலு வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவனுக்கு, வெளியுலகம் தன் இலாகாவை எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது என்று தெரியும்போது கண் கலங்கத்தான் செய்யும். இரண்டையும் சோதனைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவதாக, புளியறை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் பாய் வெட்டிக் கொடுக்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று கடைக்காரர் சொன்னார். லாரி ரப்பரா! கோப்பில் "தகுதியற்றது, பரிசீலிக்கப்படவில்லை" என்று எழுதி முடித்துவிட்டேன்.

சோதனைக்குப் பின்னால் உட்கார ஓர் ஆள் வேண்டும். என் நண்பர் ஒருவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் என் கோப்புகளில் ஆட்சேபணை எழுதி, அந்தப் பழக்கத்திலேயே நண்பரானவர். தொண்ணூறு கிலோ. எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். இதைவிடத் தகுதியான உபகரணம் கிடைக்காது.

"வெள்ளச் சட்டைய நாசம் பண்ணப் போறேருன்னு சொல்லும்வே" என்றார்.

"சோதனைக்குவே."

"வழி?"

"தென்காசியிலேருந்து குற்றாலம், செங்கோட்டை, புளியறை. திரும்பி வாறது."

புளியறை என்றதும் அவர் முகம் மாறியது. அங்கே கேரள எல்லையில் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. "நாட்டுக்காகச் செய்யுததுதானே" என்று ஏறிவிட்டார். ஏறியதும் வண்டி ஒரு சாண் இறங்கியது.

முதலில் பிளாஸ்டிக் நாக்கு. குற்றாலம் ரோட்டில் நல்ல சாரல். பள்ளம் பள்ளமாகச் செந்தண்ணீர். ஒரே வேகத்தில் ஓட்டி, புளியறையில் இறக்கிவிட்டு முதுகைப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே மூன்றே பொட்டு. எனக்குத் திருப்தி. அவருக்கு இல்லை.

"மூணு பொட்டுன்னா மூணு ஆட்சேபண. மறுசோதன வேணும்" என்றார், பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கியபடி.

இரண்டாம் தடவை இரண்டு பொட்டு. "இன்னைக்கு மழ கொறவு. இது செல்லாது."

எவ்வளவு கறாரான மனிதர் என்று வியந்தேன். மூன்றாம் தடவை நாங்கள் உட்காரும் முன்பே கடைக்காரர் எங்களைக் கேட்காமல் இலை போட்டார், "அண்ணாச்சிக்கு வழக்கம்போல கோழி வறுத்ததுதானே?" என்றும் கேட்டார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நண்பர் இலையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

அடுத்தது ஹக்கர். தார் ரோட்டில் அற்புதம். சட்டை சலவையிலிருந்து எடுத்த மாதிரியே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். திருவேங்கடத்துப் பக்கம் நண்பருக்குப் பூர்வீக நிலம் கொஞ்சம் உண்டு. "அங்கன ராத்திரி மழையாம்வே. வரப்பு நிக்குதான்னு பாத்துட்டு வந்துருவோம், சோதனையும் ஆச்சு" என்றார். போனோம். அது கரிசல் காடு. வறண்டு கிடக்கும்போது சிமெண்டு. ஒரு மழை பெய்துவிட்டால் அல்வா. தாரை விட்டு இறங்கி நூறு அடி போயிருப்போம். ஹக்கருக்கும் டயருக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளியில் கரிசல் போய் அப்பி, சக்கரம் சுற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டது. நாங்கள் இறங்கிய பிறகும், ஸ்டாண்டு போடாமலே வண்டி நிமிர்ந்து நின்றது.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டிய நட்டுட்டியளா?"

"ஆமா, நட்டாச்சு" என்றார் நண்பர். "முளச்சா ஆளனுப்பும்."

கருவேலங் குச்சியை வைத்து ஒரு மணி நேரம் தோண்டினோம். புனலூர் போகிற வழியில் கரிசல் எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. சோதனையில் தோற்றது தோற்றதுதான். ஒப்பீட்டு அட்டவணை போட்டு, ஹக்கரை நீக்கி, பிளாஸ்டிக் நாக்கைத் தேர்வு செய்து குறிப்பு எழுதி, நானே ஒப்புதலும் வழங்கினேன். நண்பர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். புளியறைக்கு இனிப் போக வேண்டியதில்லை என்ற துயரம் அந்தக் கையெழுத்தில் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மனைவியிடம் சொன்னேன்: "ஐந்தருவிக்குக் குளிக்கப் போவோமா? மட்கார்டு மாட்டியாச்சு."

"எழுத்துல உண்டா?" என்றாள்.

"கோப்பே இருக்கு."

பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். பட்டு கட்டாததே அவளுடைய முதல் ஆட்சேபணை. ஏறி உட்கார்ந்தாள். குற்றாலத்துக்குத் திரும்பும் வளைவு வரை முந்தானையைச் சரிசெய்துகொண்டே வந்தாள். பிறகு, ஒரு மாதத்துக்கு அப்புறம், என் காதுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்தது. சயின்ஸ் டீச்சரின் மருமகளைப் பற்றி. முன்னால் மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்ற இடத்தில் ஐந்தருவி வந்துவிட்டது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கக் கூடாதா இந்த அருவி என்று நினைத்தேன்.

அவள் இறங்கினாள். திரும்பினாள். நுனியிலிருந்து தோள் வரை அதே கோடு. கொண்டையிலும் தவறாமல் ஒரு பொட்டு.

பெண்கள் குளிக்கும் பக்கம் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, தண்ணி நேரா தோள்ல விழுத எடமாப் பாத்து நில்லுங்க. ஒரே நிமிசத்துல போயிரும்."

"போறது சேறுதானே" என்றாள் என் மனைவி. "கொண்டு வந்தவர என்ன செய்ய?"

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். காபிக் கடையில் தம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள். பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் கேட்கும் அதே தொனி.

"பின்னாடி யார வச்சு ஓட்டிப் பாத்திய?"

"அவரத்தான்."

"அவரு எத்தன கிலோ?"

"தொண்ணூறு."

"நான்?"

முப்பத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லும் முட்டாள் நான் இல்லை. "அம்பது இருக்குமா?" என்றேன்.

"அம்பத்தஞ்சு. பொய் சொல்லாதிய. அவரு உக்காந்தா வண்டி அமுங்கி வாலு டயர்கிட்ட வந்துரும். நான் உக்காந்தா வாலு அங்கன ஆகாசத்துல நிக்கும். சரி, அவரு எப்படி உக்காருதாரு?"

"ரெண்டு பக்கமும் காலப் போட்டு."

"ஒங்க முதுகோட ஒட்டிக்கிட்டு. நான்?"

"ஒரு பக்கமா. கொஞ்சம் பின்னால தள்ளி."

"முந்தான எந்தத் தோள்ல கெடக்கு?"

"இடது."

"ஒரு பக்கமா உக்காந்தா இடது தோள் எந்தப் பக்கம் பாக்குது?"

சக்கரத்தைப் பார்க்கிறது. அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

"மட்கார்டு யாருக்கு வாங்குதிய?"

"ஒனக்குத்தான்."

"என்னய ஒரு வார்த்த கேட்டியளா?"

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அரசாங்கத்தில் ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால், கொட்டேஷனுக்கும் அட்டவணைக்கும் முன்னால் ஒரே ஒரு காகிதம் வந்தாக வேண்டும்: அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர், தனக்கு என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுதித் தரும் தேவைப் பட்டியல். அது இல்லாமல் வந்த கோப்புகளை ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியே நான் பேர் வாங்கியவன். மோட்டார் ஓட்டுகிறவரைக் கேட்காமல் மோட்டார் வாங்கிய ஒரு மேலதிகாரியிடம், கேட்காமல் வாங்குவது வாங்குவதாகாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, ஆறு மாதம் கடையநல்லூருக்கு மாற்றலாகிப் போயிருக்கிறேன். என் சொந்தக் கோப்பில் எல்லாத் தாளும் இருந்தன. முதல் தாள் இல்லை. தணிக்கைக்காரரும் அதைக் கவனிக்கவில்லை; அவருக்குப் பரோட்டா இருந்தது.

"தப்புதான்" என்றேன். இந்தச் சொல்லைச் சர்வீசில் எழுத்து மூலம் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

"சரி, எந்திரிங்க. ஒங்க கோப்புல எழுதியிருந்தியளே, அந்த லாரி ரப்பர்க்காரர் எங்க இருக்காரு?"

"அது தகுதியற்றதுன்னு..."

"போவோம்."

இப்படியாக, ஈரத் தலையோடு நேராகப் புளியறைக்குப் போனோம். நண்பருக்கு மட்டும் போன் செய்தேன். சொல்லாமல் போயிருந்தால் நட்பு முறிந்திருக்கும். பஸ் பிடித்து எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது. கேரளத்துக்குள் போகும் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, அவற்றின் பின்சக்கரத்துக்கு ரப்பர் பாய் மாட்டித் தருகிறவர். என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுக்கு ரப்பர் போட்டா நல்லாருக்காது சார்."

"சேறு அடிக்காதுல்லா?" என்று கேட்டது என் மனைவி.

"அடிக்காது. ஆனா எங்க வரைக்கும் தொங்கவிடன்னு தெரியணும்."

"அத நான் சொல்லுதேன்."

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடப் போனவரைத் தடுத்தாள். ஸ்டாண்டில் போட்டால் சக்கரம் கீழே தொங்கிவிடும், கணக்கு மாறிவிடும் என்றாள். என்னை முன்னால் உட்காரச் சொல்லி, அவள் பின்னால் ஒரு பக்கமாக, ரோட்டில் எப்படி உட்காருவாளோ அப்படியே உட்கார்ந்தாள். நண்பரும் லாரி கிளீனர் ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மெக்கானிக் கையில் ஒரு சணல் கயிறு. கொஞ்ச நேரத்தில் ஏழெட்டு டிரைவர்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"சேறு டயர விட்டுக் கெளம்புச்சுன்னா வளைஞ்சு வராது, நேராத்தான் வரும்" என்றாள், மேலே உட்கார்ந்தபடி. "கயித்த டயர்ல வைங்க. வட்டத்தத் தொட்டுட்டு அப்படியே நேரா என் தோளுக்கு வரணும். வெட்டப்படாது. தொடணும்."

மெக்கானிக் கயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "தொடுகோடு! பத்தாம் கிளாஸ்ல இதுலதான் டீச்சரே நான் தோத்தது."

"இன்னைக்குப் பாஸாயிருவிய. இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க. ம். இப்ப என் கொண்டைக்கு. இப்ப முந்தான நுனிக்கு."

ஒவ்வொரு இடத்துக்கும் டயரில் சாக்பீஸ் கோடு போடப்பட்டது. எல்லாவற்றிலும் கீழே இருக்கிற கோட்டையும் ரப்பர் மறைக்க வேண்டும். அகலம் டயருக்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் கூட இருக்க வேண்டும். டயருக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு சாண் இடம் வேண்டும். நான் சட்டைப் பையிலிருந்து காகிதம் எடுத்துத் தேவைப் பட்டியலை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பிளாஸ்டிக்கை அவ்வளவு கீழே இறக்கினால் பள்ளத்தில் சக்கரம் எழும்பி அதை உடைத்துவிடும். ரப்பர் மடங்கிக் கொடுக்கும். காற்றில் பறக்காமலிருக்கக் கீழ் ஓரத்தில் ஒரு இரும்புப் பட்டை வைத்துத் திருகினால் போதும். இந்த ஊரில் ஓடும் எல்லா லாரியும் இத்தனை காலமாக இதைத் தெரிந்து வைத்திருக்கிறது.

"லாரி மாதிரி இருக்குமே" என்று மட்டும் கடைசியாக முனகினேன்.

"அதுக்கென்ன? இந்த வண்டிய யாரும் பொண்ணு பாக்கவா வரப்போறாவ?"

டிரைவர்கள் சிரித்தார்கள். ரப்பரில் கண் வரையட்டுமா, ஏதாவது எழுதட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். "ஒண்ணும் வேண்டாம், மதி" என்றாள்; எல்லைக்கு வந்தால் அவளுக்குப் 'போதும்' கூட மலையாளத்தில்தான் வரும். நண்பர் எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் முறையாக, "ஆட்சேபண இல்ல" என்றார். பரோட்டாக் கடை திறந்துவிட்டதா என்பதையும் அப்படியே பார்த்துக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. ஆனால் உள்ளூரில் ரப்பரைச் சோதிக்க அவள் சம்மதிக்கவில்லை. "கணக்கு சரி. இனி பரீட்சதான்" என்றாள். புனலூர்க் கல்யாணத்தன்று, அவள் மயில்கழுத்து நிறப் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். ஆசிரியைகள் எல்லாரும் காலை ரயிலில் போய்விட்டார்கள்.

புளியறை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மேலே அவளுக்கு மழைக்கோட்டு கிடையாது. போட்டால் சோதனை செல்லாதாம். நல்லவேளையாக அது சாரல்தான். நனைப்பேன் என்று பயம் காட்டுமே தவிர நனைக்காது. கணவாயில் ஏறி இறங்கும்வரை ரோடு முழுக்கச் சிவப்புத் தண்ணீர். நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவளோ சயின்ஸ் டீச்சரின் மருமகள் கதையை விட்ட இடத்தில் எடுத்தாள். மருமகள் பக்கம்தான் நியாயம் என்று தென்மலையில் தீர்ப்பானது. பிறகு என் அண்ணன் குடும்பம் வந்தது. எதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவள் என் பென்ஷனையே எழுதிக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

புனலூர் மண்டபத்து வாசலில் இறங்கினாள். உள்ளே போகவில்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"பாருங்க."

பார்த்தேன். நுனியிலிருந்து தொடங்கி, தோள், கொண்டை, பூ வரைக்கும் பொருள் ஆய்வு செய்கிறவன்போல ஒவ்வொரு சாணாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. குனிந்து கரையைப் பார்த்தேன்.

"கரையில ஒரு பொட்டு இருக்கு."

"அது இப்ப எறங்கும்போது நான் மிதிச்சது. ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க."

"சுத்தம்" என்றேன்.

அவள் உள்ளே போய், முதல் வரிசைக்கு முன்னால் நின்று, ஒருவரும் கேட்காமலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். சயின்ஸ் டீச்சர் முந்தானையைக் கையில் எடுத்தே பார்த்தார். "நீ ரயில்லதானட்டி வந்த? எந்தப் பெட்டி?" என்று கேட்டார். நான் அப்போது கைகழுவும் இடத்தில், முழங்காலிலிருந்து பாதம் வரை என் பேண்டில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் அடித்தது. அதைப் பற்றி இந்த உலகத்தில் யாருக்கும் அக்கறை இல்லை, எனக்கும் இல்லை.

கேரளத்து விருந்துச் சாப்பாடான சத்யாவில் இரண்டாம் பாயசம் வந்தபோது ஆசிரியைகள் கிளம்பினார்கள். மதிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"நீயும் வாட்டி" என்றார் சயின்ஸ் டீச்சர். "எல்லாரும் ஒரே பெட்டி. ஜன்னல் சீட்டு ஒனக்குத் தாரேன். பாலத்து மேல போகும்போது கீழ பாத்தா எப்படி இருக்கும் தெரியுமா! மழையில எதுக்கு அதுல தொங்கிக்கிட்டு?"

நல்ல அழைப்பு. மறுக்க ஒரு காரணமும் கிடையாது. காலையில் வந்ததோடு பரீட்சை முடிந்துவிட்டது, மட்கார்டு வென்றுவிட்டது, சேலையும் பிழைத்துவிட்டது. நான் பாயசத்தை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க போங்கட்டி" என்றாள். "பேசிக்கிட்டே வந்ததுல பாதிதான் ஆச்சு. மிச்சம் இருக்கு."

திரும்பும் வழியில் கழுதுருட்டிக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு மேலே பதின்மூன்று வளைவுகளோடு நிற்கும் ரயில் பாலத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது. ஒரு பெட்டியின் ஜன்னல்களிலிருந்து ஏழெட்டுக் கைகள் ஆடின. நானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்.

"அங்க பாரு, ஒங்க டீச்சர்மாரு" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ரப்பருக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே ஒரு சரளைக்கல் மாட்டியிருந்தது. கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து அதை நெம்பி எடுத்து, ரப்பரை இரண்டு தட்டுத் தட்டி, பட்டையின் திருகு இறுகியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்த்தாள். பிறகு எழுந்து கையைத் துடைத்தாள்.

"ஏறுங்க, ஏறுங்க. மழ வருது."